மழைக்குப் பயந்து கோட்டை ஏறிய சைக்கிள்கள்: ஜெய்சல்மேரில் ஒரு ஓய்வு நாள்

டிசம்பர் முதல் வாரம் ராஜஸ்தானுக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்று சொன்னதும், முடிச்சூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்டது, "இந்த வயசுல எதுக்கு?" மீதிப் பாதிப் பேர் கேட்டது, "மழை சீசன்ல வீட்டைப் பூட்டிட்டா போறீங்க?" எனக்கு அறுபத்திரண்டு, மனைவி ஸ்டெல்லாவுக்கு அறுபது. முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டாவதற்கு இருந்தது. மழை சீசன் என்பதால்தான் போனோம்.

முடிச்சூர் தெரியாதவர்களுக்காக: மேற்குத் தாம்பரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர். பெருங்களத்தூர் பக்கமிருந்தும் வரலாம். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்போம். மீதி இரண்டு மாதம், அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று காத்திருப்போம். வானிலை அறிக்கையில் ஆரஞ்சு அலர்ட் என்று சொன்னவுடன் சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பரணுக்கு ஏறும், இன்வெர்ட்டர் மேசைக்கு ஏறும், கார் வைத்திருப்பவர்களின் கார் மேம்பாலத்துக்கு ஏறும். பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஏதோ கல்யாணம் என்று நினைப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு முந்தைய பெருவெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். வெள்ளம் என்றால் சத்தத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன். அது பூனை மாதிரி வந்தது. கட்டிலுக்கு வெளியே தொங்கிய என் கை நனைந்துதான் விழித்தேன். மாடிக்கு ஓடி, அங்கிருந்து பக்கத்து வீட்டு ரஹீம் பாயின் மாடிக்குத் தாண்டி, இரண்டு நாள் அவர் வீட்டுச் சோற்றைத் தின்று பிழைத்தோம். அதற்குப் பிறகு கடன் வாங்கித் தரையை உயர்த்தி, வாசலில் ஆறு படி கட்டினோம்.

படி கட்டி என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து மழை பெய்யும் எந்த இரவிலும் ஸ்டெல்லா தூங்கியதில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பாள், ஆனால் மூச்சைக் கேட்டாலே தெரியும். நான்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். "முதல் படிதான். தூங்கு." "ம்." தூங்கமாட்டாள். வேதியியல் ஆசிரியை, காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். நவம்பரும் டிசம்பரும் முடிவதற்குள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கும். இப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். எங்கள் அடுப்பங்கரையோ தலைக்கு மேல் வானம் முழுக்க இருந்தது, எங்கே ஓடுவது?

போன மே மாதம் அவள் ஓய்வு பெற்றதும் முடிவு செய்தேன். இந்த மழைக்காலத்தில் இவளை மழையே பெய்யாத ஊருக்குக் கூட்டிப் போவது, அங்கே நன்றாகத் தூங்கவைப்பது. அதுதான் இந்தப் பயணத்தின் ஒரே நோக்கம். சைக்கிள் என்பது அவள் போட்ட நிபந்தனை. "சும்மா பஸ்ல உக்காந்து மணலைப் பாக்கறதுக்கு நான் வரலை." சனிக்கிழமைகளில் இருவரும் படப்பை வரை ஓட்டி இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான். ஜூலையிலிருந்து அதை ஒரகடம் வரை நீட்டினோம். அக்டோபரில் ஒரே நாளில் எழுபது கிலோமீட்டர் ஓட்ட முடிந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

எழும்பூரிலிருந்து ஜோத்பூருக்கு வாரம் ஒரு ரயில், வழியில் இரண்டு இரவு. சைக்கிள்களை அட்டைப்பெட்டியில் கட்டிச் சாக்குத் தைக்க எண்ணூறு ரூபாய், பார்சல் கட்டணம் இரண்டுக்கும் ஆயிரத்து நூறு, ஜோத்பூரில் இறக்கிக் கொடுத்த போர்ட்டருக்கு நானூறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் பழகிய சைக்கிளில் ஓட்டுவது வேறு. வாடகைச் சைக்கிளை நம்பி முந்நூறு கிலோமீட்டர் போகாதீர்கள்.

முதல் நாள் ஒசியான், அறுபத்தைந்து கிலோமீட்டர். அன்று ராத்திரி ஸ்டெல்லா எட்டரைக்குப் படுத்தவள் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தாள். நடுவில் குறட்டைகூட விட்டாள். எனக்கு அந்தக் குறட்டையை ரெக்கார்டு செய்து தெருவில் எல்லோருக்கும் அனுப்பலாம் என்று இருந்தது. இரண்டாம் நாள் பலோதி, எண்பதுக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்க்காற்று, இடுப்பு போய்விட்டது. மூன்றாம் நாள் பொக்ரான், அறுபது. அங்கிருந்து ஜெய்சல்மேர் நூற்றுப் பத்து கிலோமீட்டர்; எங்கள் முழங்காலுக்கு அது ஆகாது என்று நடுவில் லாத்தி என்ற சின்ன ஊரில் ஒரு ராத்திரி தங்கினோம். நாலு ராத்திரியும் ஸ்டெல்லா அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். ஐந்தாம் நாள் பிற்பகல் தூரத்தில் ஜெய்சல்மேர் கோட்டை தெரிந்தபோது, ஏதோ நானே கட்டிய கோட்டை மாதிரி எனக்கு ஒரு பெருமை.

ஆறாம் நாள் ஓய்வு. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஆட்கள் ஓய்வு நாள் என்று பேர் வைத்துவிட்டு அன்றைக்குத்தான் கோட்டை, அரண்மனை, ஏரி, மியூசியம், ஒட்டகம் என்று நாய் படாத பாடு படுவார்கள். ஓய்வு நாளில் செய்ய வேண்டியது மூன்றே வேலை: துணி துவைப்பது, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, தூங்குவது. கோட்டை எண்ணூறு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. நீங்கள் எழுந்திருக்கும்வரை காத்திருக்கும்.

நாங்கள் தங்கியது கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், பூராராம் என்பவரின் வீட்டில். கீழே அவர் குடும்பம், அவருடைய மனைவி கமலா. மாடியில் விருந்தினர்களுக்கு மூன்று அறை. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய், வெந்நீர் உண்டு, சைக்கிளை முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம். பூராராமுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், எதற்கெடுத்தாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் பதில் சொல்வார். ஸ்டெல்லா சின்ன வயதில் ஹிந்திப் பரீட்சைகள் எழுதியவள், அவளோடு நன்றாகப் பேசினார். என் ஹிந்தி 'எவ்வளவு', 'எங்கே', 'போதும்' என்ற மூன்று சொல்லோடு முடிந்துவிடும்.

காலை எட்டு மணிக்குக் கடைவீதியில் வெங்காயக் கச்சோரி சாப்பிட்டோம். ஒன்று முப்பது ரூபாய், இரண்டு தின்றால் மதியச் சாப்பாடு வேண்டாம். ஒன்பதரைக்கு ஸ்டெல்லா துணி துவைத்து மொட்டை மாடியில் போட்டாள். பத்தரைக்கு எல்லாம் காய்ந்துவிட்டது. என் கனத்த ஜட்டி உட்பட. "நம்ம ஊர்ல டிசம்பர்ல இது காய மூணு நாள் ஆகும், ஃபேன் போட்டு" என்று துணியைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

நான் முற்றத்தில் சங்கிலி துடைத்துக்கொண்டிருந்தபோது ரஹீம் பாய் போன் செய்தார். பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

"இன்னா சார், மணல்ல சைக்கிள் ஓடுதா? டீச்சர் எப்படி கீறாங்க?"

"நல்லாத் தூங்கறாங்க பாய். அங்க எப்படி? ஆரஞ்சுன்னு போட்டிருந்தானே?"

"அத்த விடுங்க சார். வெயிலு மண்டையப் பொளக்குது. உங்க வூட்டு மொதப் படியில ஒரு பூனை கால நீட்டிப் படுத்துக்கினு கீது. தண்ணி கிண்ணி ஒண்ணும் இல்ல. எதுனா ஒண்ணுன்னா நான் கீறேன்ல? நீங்க பேஜார் ஆவாத ஊரச் சுத்துங்க."

பன்னிரண்டு மணிக்கு ஸ்டெல்லா மாடி அறையில் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் அந்த மூச்சு வந்துவிட்டது, நல்ல தூக்கத்தின் மூச்சு. நான் கதவைச் சாத்திவிட்டு மொட்டை மாடிக்கு வந்தேன். அங்கே பூராராம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மணல் புயலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் கையை உயர்த்தி, விரல்களை மழை விழுகிற மாதிரி ஆட்டிக் காட்டினார். "மாவட்! அங்கிள்ஜி, மாவட்!" அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை, விரல் நன்றாகப் புரிந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, ஐந்து நாள் மிதித்து, மழையே இல்லாத ஊர் என்று கூட்டி வந்திருக்கிறேன். முடிச்சூரில் பூனை வெயில் காய்கிறது. இங்கே மழை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதலில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஸ்டெல்லாவுக்குத் தெரியக் கூடாது. அடிமேல் அடி வைத்து அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினேன். திரையை இழுத்துவிட்டேன். சத்தம் கேட்காமல் இருக்க மின்விசிறியை வேகமாக வைத்தேன். டிசம்பர் பாலைவனத்தில் மின்விசிறி வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவளுக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டேன். பிறகு, இதை ஏன் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள், தரையில் இருந்த நாலு பைகளையும் நாற்காலி மேலும் மேசை மேலும் ஏற்றினேன். ஆதார் அட்டைகளையும் ரயில் டிக்கெட்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மாடி அறை அது. அதுவும் பாலைவனத்தில்.

கீழே இறங்கினால் முற்றத்தில் பெரிய பெரிய துளிகள் விழ ஆரம்பித்திருந்தன. கமலா அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் கொண்டுவந்து கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் மழை வந்தால் பாத்திரங்களை உள்ளே எடுப்போம். இவர்கள் வெளியே வைக்கிறார்கள். நான், பின்னாலேயே இறங்கி வந்த பூராராமிடம் அவர் ஸ்கூட்டரைக் காட்டி, தண்ணீர் வரும், மேலே ஏற்றுங்கள் என்பதற்கு எங்கேயோ கேட்ட சொற்களைக் கோத்து, "பானி... ஊப்பர்... ஸ்கூட்டர் ஊப்பர்!" என்றேன். அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழக்கம்போல் சிரித்தார். சரி, அவர் ஸ்கூட்டர், அவர் பாடு. எங்கள் சைக்கிள்கள் இந்த முற்றத்தில், சந்தின் கடைசியில், ஊரிலேயே தாழ்வான இடத்தில் நிற்கின்றன. மேடு எங்கே? நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே கோட்டை.

ஜெய்சல்மேர் கோட்டைக்குப் போகும் பாதை கல் பாவியது, நல்ல ஏற்றம், ஒன்றன்பின் ஒன்றாக நாலு வாசல். இரண்டு சைக்கிளை ஒரே சமயத்தில் தள்ள முடியாது. அதனால் ஒன்றை முதல் வாசல் வரை தள்ளிப் பூட்டிவிட்டு, இறங்கி வந்து இரண்டாவதைத் தள்ளினேன். பிறகு முதலாவதை இரண்டாம் வாசலுக்கு. பிறகு திரும்பவும். மழை வலுத்தது. கல் வழுக்கியது. ஒரு வாசலில் மாடு ஒன்று நனையாமல் நின்றுகொண்டு நகர மறுத்தது. எதிரே இறங்கி வந்த கைடு ஒருவர், "அங்கிள், சைக்கிளுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மூச்சிரைக்க அடுத்த சைக்கிளை எடுக்கத் திரும்பி இறங்கினேன்.

மேலே உள்சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே நான் பார்த்தது: கடைக்காரர்கள் விற்பனைக்குத் தொங்கவிட்ட போர்வைகளைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, நடுச்சதுக்கத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். சும்மா நிற்பது. முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்துப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டார். பொம்மலாட்டப் பொம்மை விற்கும் பெண் ஒருத்தி, பொம்மைகளைத் தார்ப்பாயில் மூடிவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றாள். என்னையும் சைக்கிள்களையும் பார்த்து, எதற்கு என்று கையால் கேட்டாள்.

கீழே ஊரைக் காட்டினேன். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறுவதைக் காட்டினேன். மேலே கோட்டையைக் காட்டினேன், சைக்கிளைக் காட்டினேன். அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு என்னை மறுபடி நடித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன், வேறென்ன செய்ய? அவர்களில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒரு கடைக்காரர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சார், கீழே மணல். எல்லாத் தண்ணியையும் குடிச்சிடும். இந்த ஊர்ல மழைக்குப் பயப்பட வேண்டிய ஒரே இடம் இந்தக் கோட்டைதான். பழைய சுவர், தண்ணி இறங்கினா இதுக்குத்தான் ஆபத்து. நீங்க சரியா அங்கேயே கொண்டு வந்து வச்சிருக்கீங்க."

நான் ஒரு மண்டபத்து ஓரத்தில், இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். உடம்பு முழுக்க நனைந்து நடுங்கியது. ஆனால் கவலை அதைப் பற்றி அல்ல. கீழே ஸ்டெல்லா விழித்திருப்பாளோ? தனியாக, மழைச் சத்தத்தில், நான் பக்கத்தில் இல்லாமல். பத்து வருஷத்தில் ஒரு மழையில்கூட நான் அவளைத் தனியாக விட்டதில்லை. சைக்கிளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்தேன். எழுந்தபோது எதிரே வாசலுக்குள்ளிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள்.

குடையில்லை. புடவை தொப்பலாக நனைந்து, தலைமுடி முகத்தில் ஒட்டி, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். சைக்கிள்களைப் பார்த்தாள். கோட்டையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பொம்மைக்காரப் பெண்ணும் கூடச் சேர்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மழையில் எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

"பூராராம்தான் சொன்னார், அங்கிள்ஜி சைக்கிளைத் தள்ளிட்டு மேல போறார்னு. ஏங்க, மேம்பாலம்னு நினைச்சீங்களா?"

"சிரிக்காதே. நீ எழுந்து பயந்துடப் போறியேன்னுதான் ஜன்னலையெல்லாம் சாத்திட்டு வந்தேன்."

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"மழைக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துடைத்தாள். ஈரத்தால் ஈரத்தைத் துடைத்தால் என்ன ஆகும்? ஆனாலும் துடைத்தாள்.

"எனக்கு மழைன்னா பயம்னு யாருங்க சொன்னா?"

"பத்து வருஷமா மழை ராத்திரியில நீ தூங்கலையே. எனக்குத் தெரியாதா உன் மூச்சு?"

"நீங்க டார்ச்சை எடுத்துட்டு வாசலுக்குப் போவீங்க. இருட்டுல, வழுக்கற படியில. நீங்க திரும்பி வந்து படுக்கற வரைக்கும் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? வந்து படுத்த உடனே அடுத்த தடவை எழுந்துடுவீங்க. நீங்க பயந்துட்டு இருக்கீங்க, நான் பாட்டுக்குத் தூங்கினா நல்லா இருக்காதுன்னு கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன்."

"நீ முழிச்சிருக்கியேன்னுதான் நான் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னேன், தூங்குன்னு."

"பயம் எனக்கு இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. முதல் ரெண்டு வருஷம். அப்புறம் ஆறு படி இருக்கே, போகட்டும்னு விட்டுட்டேன். உங்களுக்குத்தான் விடலை." என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அன்றைக்குத் தண்ணீரில் தொங்கிய கை. "எனக்கு மழையில்லாத ஊர் பாக்கணும்னு நான் என்னிக்காவது கேட்டேனா? உங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போய் நாலு நாள் நிம்மதியாத் தூங்க வைக்கணும்னுதான் சரின்னேன்."

முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். ஒருவருக்காக ஒருவர் விழித்திருந்து, பத்து மழைக்காலத் தூக்கத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து கெடுத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. மழையில் நனைகிற சௌகரியத்தில் அழுதுவிட்டேன்.

இறங்குவது சுலபமாக இருந்தது, ஆளுக்கொரு சைக்கிள். சந்தில் எங்கேயும் தண்ணீர் தேங்கவில்லை. பூராராம் வீட்டு முற்றத்தில் அண்டாக்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. கமலா வெல்லமும் கோதுமை மாவும் கரைத்து எண்ணெயில் போட்டு எடுத்த உருண்டைகளைச் சுடச்சுடக் கொடுத்தார். குல்குலே என்றார்கள். நம் இனிப்புப் பணியாரத்துக்குச் சித்தப்பா பிள்ளை. மாவட் என்றால் குளிர்காலத்தில் வரும் மழையாம். கிராமத்தில் பூராராமின் தம்பி கொண்டைக்கடலை விதைத்திருக்கிறார், இந்த ஒரு மழைதான் அந்தச் செடியைத் தூக்கி நிறுத்தும் என்று ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். "மெட்ராஸ்காரங்க மழையைக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு தம்பிக்கு போன் பண்ணிச் சொன்னேன்" என்றாராம். அன்றைய வாடகையை வாங்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததும், நாங்கள் கமலாவிடம் கொடுத்ததும் தனிக் கதை.

மூன்று மணி இருக்கும். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. அறைக்கு வந்ததும் ஸ்டெல்லா மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்தாள். பைகளை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். பிறகு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க படுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"நீ தூங்கலையா?"

"இப்பதானே எழுந்தேன். படுங்க."

படுத்தேன். மழைச் சத்தம் காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவை கண்ணைத் திறந்தபோதும் அவள் முதுகு தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ திறக்கவில்லை. விழித்தபோது வெளியே பளிச்சென்று மஞ்சள் வெயில், கோட்டைச் சுவர் முழுக்க ஈரம். எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "எந்தப் படி?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு படியும் இல்லை" என்றாள். "மணி அஞ்சரை. இன்னும் கொஞ்சம் தூங்கணும்னா தூங்குங்க."

அன்று மாலை பார்க்க நினைத்திருந்த கடிசர் ஏரியை அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தோம். பூராராம் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான், கட்டணம் இல்லை, காலையில் கூட்டமும் இல்லை. பிறகு சம் என்ற ஊரின் மணல் குன்றுகள் வரை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போய், ஒரு ராத்திரி தங்கி, திரும்பி, ரயிலேறினோம். அந்த வழி நல்ல சாலை. டிசம்பரில் சுற்றுலா ஜீப்புகள் தலைதெறிக்க ஓடும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. பாலைவனம்தானே என்று மழைச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் வைத்துவிட்டுப் போனோம். ராத்திரிக் குளிர் எலும்பில் ஏறும், கம்பளிக் குல்லா கட்டாயம். ஆளுக்கு ஒன்றாக இரண்டு டியூப் போதாது, சாலையோரம் முள், நாலு எடுத்துப் போங்கள். ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருந்தாலும் நம் சைக்கிள் அளவு டியூப் கிடைக்காது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். செலவு, ரயிலும் பார்சலும் தங்கலும் சாப்பாடும் எல்லாம் சேர்த்து, இருவருக்கும் முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. ஓய்வு நாளை நடுவில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். அன்றைக்கு ஒன்றும் திட்டம் போடாதீர்கள். கூட வருகிறவர் எப்படித் தூங்குகிறார் என்று பாருங்கள். அவரிடம் கேட்டும் பாருங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நாங்கள் திரும்பி வந்த நாலாவது நாள் முடிச்சூரில் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமே இருவரும் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம்: ஒருவர் பார்ப்பது, மற்றவர் தூங்குவது. அன்றைக்குத் தூக்கம் என் முறை. விடிந்து எழுந்து பார்த்தேன். கூடத்து நாற்காலியில், மடியில் டார்ச்சோடு, வாயைத் திறந்தபடி ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் கதவைத் திறந்தேன். மழை விட்டிருந்தது. இரண்டாவது படியின் மேல் சேறும் இலைச் சருகுமாக ஒரு கோடு. ராத்திரி தண்ணீர் அதுவரை வந்து, நாங்கள் பார்க்காமலேயே, தானாகத் திரும்பிப் போயிருந்தது.